அழையாது வந்த உயிர்கள்

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் முதற்கண் நிற்பது கொல்லாமை. அதன் நுட்பங்களை அறவோர் பலர் இத்தகைய இதழ்களில் விளக்கியுள்ளனர். அவர்தம் வரிசையில் நின்று தத்துவம் உரைக்கும் தகுதி எமக்கில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்று, 38 ஆண்டுகள் சிறுவர்க்குத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருத்தியும் அவள் குடும்பத்தாரும் கண்ட அனுபவமே ஈண்டு எழுதப்படுகிறது. எம் இல்லத்து நாய் ஒருமுறை எதிர்பாராது ஐந்து குட்டிகளை ஈன்றது. ஊரில் நாளும் நிகழும் செய்தி என்று அன்பர்கள் எண்ணலாம். உண்மைதான். ஆயினும் அவ்வைந்து குட்டிகளும் யாம் மனப்பாடமாக அறிந்திருந்த விரதத்தை வினாவாக மாற்றி எம்முன் வைத்தன. அவ்வினாக்களுள் சில பத்தாண்டு கழிந்தும் எமக்குத் தீரவில்லை.

மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பகுதியில் வாழ்ந்தோர்க்கு 2015ஆம் ஆண்டு என்றால் வெள்ளமே நினைவுக்கு வரும். நவம்பர்த் திங்களிலேயே ஒருமுறை நீர் சூழ்ந்து வடிந்தது. டிசம்பர் முதல் நாள் பெய்த மழை அதனினும் கொடிது. மறுநாட்காலை வரையான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றுப் பெருக்கும் கலந்து முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய தாழ்நிலங்களில் புகுந்தன. எம் இல்லத்தின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு நீர். யாம் அரிசி மூட்டையையும் சுவாமி படங்களையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினோம். பேரன் முதலில் தூக்கிச் சென்றது ராணியைத்தான். ராணி என்பது எம் நாயின் பெயர். இரண்டு வயதான செந்நிற நாட்டு நாய். தெருவோரத்தில் கிடந்த குட்டியைப் பேரன் கொண்டுவந்து சேர்த்தது.

அன்றிரவு நீந்தி வந்த தெருநாய்கள் மூன்று எம் மாடிப்படியில் ஏறி நின்றன. நனைந்து நடுங்கிய அவற்றைத் துரத்த யாருக்கு மனம் வரும்? நான்கு நாட்கள் அவை எம்முடனேயே இருந்தன. படகில் கொண்டுவந்து கொடுத்த உணவுப் பொட்டலங்களில் உருளைக்கிழங்கு கலந்த சோறு வந்தது. எம்மில் மூத்தோர் கிழங்கு உண்பதில்லை. அப்பொட்டலங்கள் படிக்கட்டிலிருந்த விருந்தினர்க்குச் சென்றன. நீர் வடிந்தபின் சுற்றுச்சுவரின் ஒரு பகுதி சாய்ந்து கிடந்தது. இரும்புக் கதவு சேற்றில் புதைந்து மூடாமல் நின்றது. நனைந்த பாய்களையும் புத்தகங்களையும் வாரிக் கொட்டுவதிலேயே எம் நாட்கள் சென்றன. ராணி எங்கே சென்றாள், யாருடன் இருந்தாள் என்று கேட்க ஒருவர்க்கும் நேரமில்லை. வெள்ளத்திற்குச் சில நாட்கள் முன்னர் தரையில் குருதித்துளிகளைக் கண்ட மருமகள், காலில் ஏதோ குத்தியிருக்கும் என்று துடைத்துவிட்டாள்.

2016 பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை, மாடிப்படியின் அடியிலிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. வெள்ளத்தில் கெட்டுப்போன பழம்புத்தகங்களை அங்கே கட்டி வைத்திருந்தோம். அவற்றின் நடுவே எம் பழைய நூற்புடவை ஒன்று வட்டமாகச் சுருட்டப்பட்டிருந்தது. அதன்மேல் ராணி. அவள் வயிற்றோடு ஒட்டிக் கண் திறவாத ஐந்து உயிர்கள். "எதிர்பார்க்கவே இல்லையே!" என்று வீட்டிலிருந்த ஐவரும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னோம்.

அச்சொல்லைப் பின்னர்ப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறோம். எதிர்பாராதது யாருக்கு? நாய் கருக்கொண்டு ஈனும் காலம் ஏறத்தாழ 63 நாட்கள். அந்த ஒன்பது வாரமும் ராணி தன் ஆயத்தங்களை ஒழுங்காகச் செய்து வந்தாள். தைப்பொங்கலின்போதே அவள் உடல் பருத்திருந்தது. மழை நின்றபின் நன்றாக உண்கிறாள் என்று மகிழ்ந்தோம். ஈனுவதற்குச் சில நாட்கள் முன்னர் மாடிப்படியின் அடியில் மண்ணைக் கீறினாள், அதட்டினோம். கொடியிலிருந்த புடவை காணாமற்போனதற்கு வேலைக்கு வரும் பெண்ணைக் கேட்டோம். (அவரிடம் பின்னர் மன்னிப்பும் கேட்டோம்.) எல்லாம் எம் கண்முன்னே நடந்தவை. தாய்க்கு அது எதிர்பாராத நிகழ்ச்சியன்று. பார்க்கத் தவறியவர்கள் யாமே.

உமாஸ்வாமியார் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பிரமாதம் என்னும் சொல்லை வைத்தார். நாட்டு வழக்கில் பிரமாதம் என்றால் மிக நன்று என்று பொருளாகிவிட்டது. பாயசம் பிரமாதம், கச்சேரி பிரமாதம் என்கின்றோம். ஆகமம் கூறும் பிரமாதம் கருத்தின்மை, சோர்வு. உயிர்க்கு ஊறு நேர்ந்தது என்பதை மட்டும் ஆசிரியர் நோக்கவில்லை. அச்சோர்வு இருந்ததா என்றும் நோக்குகிறார். எம் செயலில் இரண்டு பகுதிகள் இருந்தன. வெள்ளத்தில் வந்த நாய்களுக்கு இடம் கொடுத்தது கருணை. அதன்பின் கதவை நினையாமல் விட்டது சோர்வு. குட்டிகள் பிறந்தது இரண்டும் சேர்ந்த விளைவு. கருணை செய்தோம் என்பதால் சோர்வின் கணக்குத் தீர்ந்துபோகுமா என்பதே எமக்கு எழுந்த முதல் ஐயம்.

இங்கே ஆசிரியர் பழக்கத்தால் ஓர் இலக்கணக் குறிப்பு. ராணியை அவள் என்று எழுதுவதைக் கண்டு, தமிழ் கற்பித்தவர் அஃறிணையை உயர்திணையாக்கலாமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். உவகையால் திணை மாறுவதை வழுவமைதியாக ஏற்றவர் நன்னூல் தந்த பவணந்தி முனிவர். பசுவை அம்மை என அழைப்பதை உரைகாரர் எடுத்துக்காட்டுவர். வகுப்பில் இதனைப் பலமுறை நடத்தியிருக்கிறோம். புடவையின்மேல் கிடந்த அத்தாயைக் கண்ட அன்றுதான், அவ்விதியை வகுத்தவர் துறவியாயினும் உயிர்களை அருகிருந்து பார்த்தவர் என்று தோன்றிற்று.

செய்தி தெருவில் பரவியது. வந்தவர் அனைவரும் கேட்ட முதற்கேள்வி ஒன்றே: "ஆணா, பெட்டையா?" இரண்டு ஆண், மூன்று பெண். "ரெண்டுக்கு ஆள் இருக்கு டீச்சரம்மா. மத்த மூணையும் கண்ணு திறக்கறதுக்கு முன்னாடியே சாக்கில போட்டு ஏரிக்கரையில விட்டுடுங்க. கண்ணு திறந்துட்டா வழி கண்டுபிடிச்சு வந்துடும்" என்றார் அண்டை வீட்டு அம்மையார். அவர் கொடியவர் அல்லர். வெள்ளத்தின்போது எமக்குக் குடிநீர் கொடுத்தவர் அவர். ஊரார் காலங்காலமாகச் செய்துவருவதைச் சொன்னார், அவ்வளவே. மற்றொருவர் திருநீர்மலைக் கோயிலடியில் விட்டால் யாரேனும் சோறு போடுவர் என்றார். வண்டலூர்ச் சாலையில் இறக்கிவிடலாம் என்றவரும் உண்டு.

பெட்டை என்றதும் முகஞ்சுளிப்பதை யாம் முன்பே கண்டிருக்கிறோம். பள்ளியில் பணியாற்றிய காலத்தில், மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டிற்கு மாணவிகளுடன் சென்று, அங்கே யாரும் இனிப்பு நீட்டாததைக் கண்டோம். 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டி நேர்ந்த நாடு இது. மனிதக் குழந்தையையும் நாய்க்குட்டியையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதாக யாரும் வருந்த வேண்டா. பெற்றெடுக்கும் ஆற்றல் ஒன்றையே குற்றமாக எண்ணி ஓர் உயிரை ஒதுக்கும் கணக்கு இரண்டிலும் ஒன்றாயிருக்கிறது என்பது மட்டுமே எம் கருத்து.

ஏரிக்கரையில் விடுவோர் கொல்வதில்லை. தம் கையால் எதையும் செய்வதில்லை. அதனால்தான் அம்முறை நல்லவர்க்கும் எளிதாயிருக்கிறது. பால் குடிக்கும் குட்டியைத் தாயினின்று பிரித்து வெட்டவெளியில் விடுவது அதற்கு உணவையும் நீரையும் தடுப்பதன்றி வேறென்ன? கொல்லாமை அணுவிரதத்திற்கு ஆகமம் சொல்லும் ஐந்து அதிசாரங்கள் கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன. ஐந்தாவது நேரே இதனைத் தொடுகிறது. நாட்டுச் சட்டமும் இதனை அறியும். பட்டினியால் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தின்படி குற்றம். முதற்குற்றத்திற்கு அச்சட்டம் விதித்த தண்டம் 50 ரூபாய்க்கு மேற்படாதது. அதனைக் கேட்டு நகைத்தவரும் உண்டு. அச்சட்டத்திற்கு வித்திட்டவர், திருவான்மியூரில் கலாக்ஷேத்திரத்தை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1952இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகி, விலங்குகளுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர். 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பின் தொடக்கமும் மழைநீரோடு தொடர்புடையது. விமானியாகிய கேப்டன் வி. சுந்தரம், தெருவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தம் இல்லத்திற்குக் கொண்டு வந்ததே அதன் முதற்பணி என்பர். அவர்தம் துணைவியார் உஷாவும் விமானம் ஓட்டியவர். ஒரு குடும்பம் வீட்டிற்குள் கொண்டுவந்த குட்டிகளிலிருந்து ஓர் இயக்கமே வளர்ந்தது. அவ்வளவு பெரிய நெஞ்சம் எமக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எம் குட்டிகள் தெருவெள்ளத்தில் கிடந்தவையல்ல, எம் புடவையின்மேல் பிறந்தவை. கருணை வேண்டும் என்று கூடச் சொல்ல வேண்டுவதில்லை. கடன் என்றாலே போதும்.

அதே 2016இல், கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து நோக்கி ஓர் ஆய்வு வெளியிட்டனர். பிறந்தவற்றுள் 19 விழுக்காடே இனம்பெருக்கும் வயதை எட்டின. இறப்புகளில் 63 விழுக்காட்டிற்கு மனிதர் ஏதேனும் ஒருவகையில் காரணமாயினர். கோயிலடியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்வோர் இவ்வெண்களைக் காண வேண்டும்.

ஐந்தையும் வளர்ப்பதென்று முடிவாயிற்று. அடுத்த சிக்கல் உணவு. எமக்கு மிகவும் இடர் தந்தது இதுவே.

கால்நடை மருத்துவர் இளைஞர், நல்லவர். பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தினும் இரண்டு மூன்று மடங்கு உணவு தேவை என்றார். நாளொன்றுக்கு இரண்டு முட்டையேனும் கொடுங்கள், கோழியிறைச்சி இன்னும் நல்லது என்றார். யாம் தயங்கியதைக் கண்டு, "உங்கள் கொள்கை உங்களுக்கு, நாய்க்கு என்ன கொள்கை?" என்று கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. விரதம் என்பது ஓர் உயிர் தானே அறிந்து ஏற்பது. பிறர்மேல் ஏற்றிவைத்தால் அது விரதமாகாது, கட்டளையாகும். மனத்தோடு கூடிய ஐம்பொறி உயிர்களாகிய விலங்குகளும் நற்காட்சி பெறலாம், அணுவிரதமும் ஏற்கலாம் என்பது ஜினாகமத்தின் துணிபு. ஏற்கலாம் என்பதற்கும் எம் அடுப்பிலிருந்து ஊட்டுவதற்கும் வேறுபாடு உண்டன்றோ? முட்டையை மறுப்பதே அவ்வைந்தாம் அதிசாரமாகிவிடுமோ என்று அஞ்சினோம். வாங்கிக் கொடுத்தாலோ, ஓருயிரைப் பேண மற்றோர் உயிரை விலைக்கு வாங்கினவர் ஆவோம்.

முன்னோர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹேமசந்திராசாரியார் யோகசாத்திரத்தில், பொருளீட்டும் நோக்கோடு நாகணவாய், கிளி, பூனை, நாய், சேவல், மயில் முதலியவற்றை வளர்ப்பதை இல்லறத்தார்க்கு விலக்கப்பட்ட தொழில்களில் வைத்தார். பொருளுக்காக என்னும் வரையறை அங்கே இருப்பதை நோக்க வேண்டும். எனினும் வேட்டையாடும் உயிரை வளர்ப்பவர்க்கு அவ்வேட்டையிலும் பங்குண்டு என்னும் அச்சம் எம் வீட்டுப் பெரியோர்க்கு இருந்தது. ராணி ஒருமுறை அணிற்பிள்ளையைக் கவ்வி வந்தபோது எம் கணவர் அன்று முழுதும் உண்ணாதிருந்தார். எம் தந்தையார் காலத்தில் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களில் நம்மவர் வீட்டு நாய் திண்ணைக்குக் கீழேதான். சோறு உண்டு, உறவில்லை.

ஒருவழியாக எமக்கு ஓர் இடைவழி கிட்டியது. நாய் பூனையைப் போல் ஊனையே நம்பி வாழும் உடலமைப்புடையதன்று. மனிதரோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்ததில், மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் ஓநாயினும் நாய்க்குக் கூடியுள்ளது என 2013இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் மரபணுக்களைக்கொண்டு காட்டினர். இதனை மருமகள் தேடிப் படித்து வந்து சொன்னாள். அம்மருத்துவரையே மீண்டும் கேட்டு, பாசிப்பருப்பும் சோறும் குழைத்து, பனீரும் தயிரும் சேர்த்து, அவர் எழுதித் தந்த சுண்ணாம்புச்சத்து மருந்துடன் நாளைக்கு ஐந்து வேளை கொடுத்தோம். அவற்றுள் இரண்டு வேளை இருட்டியபின். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் எம் வீட்டில், இரவு பத்து மணிக்கு அடுப்பு எரிவதை அவ்விரண்டு மாதம் தவிர வேறெப்போதும் கண்டதில்லை. பால் குடிக்கும் ஐந்து வாய்களுக்குச் சூரியன் மறைவதைப் பற்றி யார் எடுத்துச் சொல்வது?

ஒன்பதாம் நாள் காலை, பெண்குட்டிகளில் ஒன்று கூட்டத்தினின்று விலகிக் குளிர்ந்து கிடந்தது. பிறந்தது முதலே மற்றவற்றினும் சிறியது அது. துணியைச் சூடாக்கிப் போர்த்தினோம், பஞ்சில் பாலை நனைத்து வாயில் வைத்தோம், உறிஞ்சவில்லை. மருத்துவரிடம் கொண்டுசெல்ல ஆட்டோ வருமுன் அதன் மூச்சு இடைவிட்டு வரத் தொடங்கியது. எம் கணவர் அதனைக் கையில் ஏந்தி, செவியருகே ஐம்பதத்தை மெல்ல ஓதினார். அதன் கண்கள் அப்போதும் திறவவில்லை. குட்டிகள் கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். உலகத்தை ஒருமுறையேனும் காணாமலே சென்றது.

சீவகசிந்தாமணியை அறிந்த அன்பர்க்குக் குணமாலையார் இலம்பகம் நினைவுக்கு வரும். பிறர்க்கென ஆக்கிய சோற்றைத் தீண்டியதால் அடியுண்டு கிடந்த நாயின் செவியில் சீவகன் மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாகி, பின்னொருநாள் கொலைக்களத்தினின்று அவனை மீட்டது. திருத்தக்கதேவர் அந்நாயை அவன் பிழைப்பிக்கச் செய்யவில்லை. அத்தனை கலை வல்ல சீவகனாலும் அவ்வுயிரை நிறுத்த இயலவில்லை; செல்லும் வழிக்குத் துணை செய்தான். யாம் பல்லாண்டு அக்கதையை நன்றியறிதலுக்குச் சான்றாகவே சொல்லி வந்தோம். அன்று காலை அது எமக்கு வேறாகத் தெரிந்தது. அடித்தவர் எவரோ, ஓதியவன் சீவகன். எம் வீட்டிலோ இரண்டும் ஒருவராயிருக்கலாமே?

மருத்துவர் ஆறுதல் கூறினார். நலிந்து பிறந்தவை முதலிரு வாரத்திற்குள் இறப்பது எவ்வீட்டிலும் நடப்பதே, முட்டை கொடுத்திருந்தாலும் இது நேர்ந்திருக்கலாம் என்றார். நேர்ந்திருக்கலாம் என்றாரேயன்றி நேர்ந்திருக்கும் என்று சொல்லவில்லை. விகுதியின் வேறுபாட்டை ஆசிரியர்க்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. யாம் செய்தது விரதம் காத்த செயலா, எம் விரதத்தின் விலையை வாயில்லாத மற்றோர் உயிர் கட்டிய செயலா என்று இன்றும் துணிய முடியவில்லை. மறுமுறை இந்நிலை வந்தாலும் முட்டை வாங்கியிருக்க மாட்டோம் என்பதும் உண்மை. இரண்டையும் மறையாமல் எழுதிவிடுகிறோம்.

எஞ்சிய நான்கும் தேறின. எட்டு வாரம் தாயோடு வைத்திருந்து, தடுப்பூசி போட்டபின் ஆண்குட்டிகள் இரண்டும் கேட்டவர் வீட்டிற்குப் போயின. ஒன்று பால்காரர் வீட்டிற்கு, மற்றது ரயில்வேக் குடியிருப்பிற்கு. ராணி ஒரு நாள் மாலை மட்டும் தேடினாள். பெண்குட்டிகளை யாரும் கேட்கவில்லை. ஒன்றைச் சித்திரையில் பொன்னூர் மலைக்கு அருகே நிலம் வைத்திருக்கும் உறவினர் ஏற்றார். "பெட்டைதான் வீட்டைக் காக்கும்" என்ற அவர் சொல்லை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். மற்றொன்று எம்மிடமே தங்கிற்று.

இனிக் கடைசி வினா. மீண்டும் இப்படி நேராமலிருக்க ராணிக்குக் கருத்தடை அறுவை செய்வதா? மகனும் மருமகளும் செய்வோம் என்றனர். ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் கடிந்துகொண்டார். "வாயில்லா ஜீவனின் உறுப்பை அறுக்கவா இத்தனை விரதம் பிடித்தீர்கள்? மூன்றாம் அதிசாரம் என்னவென்று டீச்சர் நீயே சொல்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. உறுப்பைச் சிதைத்தல் அங்கே இருக்கிறது. காளைக்கு விதையடித்தலும் காதறுத்தலும் விலக்கப்பட்ட தொழில்களில் தனியே எண்ணப்பட்டுள்ளன. நோய் தீர்க்க மருத்துவன் கத்தி வைப்பது சேதமாகாது என்று சமாதானம் சொல்லலாம். பிற்காலத்தில் கருப்பையில் சீழ் கோப்பதும் மார்பில் கட்டி வருவதும் இவ்வறுவையால் தவிர்வன என்று மருத்துவரும் சொன்னார். ஆனால் அன்று ராணிக்கு நோயொன்றும் இல்லை. குட்டி பெறுவது நோயன்று.

ஊரின் வரலாற்றையும் நினைத்துப் பார்த்தோம். சென்னை மாநகராட்சி 19ஆம் நூற்றாண்டிலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்க்குத் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதே வழி என்று புளூ கிராஸ் அமைப்பினர் 1960களிலிருந்து சொல்லி வந்தனர். மாநகராட்சி அதனை ஏற்றது 1996இல்தான். 2001இல் அதுவே நாடு முழுமைக்கும் விதியாயிற்று; 2023இல் புதிய விதிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்க ஆணையிட்டு, பதினோராம் நாளிலேயே, வெறிநோயும் மூர்க்கமும் உள்ளவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து பழைய இடத்தில் விடுமாறு மாற்றியது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து ரயில் நிலையங்களில் பிடித்தவற்றை மட்டும் திரும்ப விடலாகாது என்றது. நாய்க்கடியால் பிள்ளையை இழந்தவரின் துயரமும் அவ்வழக்கில் பேசிற்று. வெறிநோய் முற்றியபின் மருந்தில்லை என்பதை அறிந்த எவரும் அத்துயரை எளிதாகத் தள்ள மாட்டார். தாம்பரத்திலும், 2021இல் மாநகராட்சியான பின்பும், ஒவ்வொரு தெருவிலும் இதே பேச்சுத்தான். அத்தெருநாய்களுள் எத்தனை, ஏதோ ஒரு வீட்டில் எதிர்பாராது பிறந்து ஏரிக்கரையில் விடப்பட்டவற்றின் வழிவந்தனவோ.

இவ்வளவும் நினைத்தபின் யாம் அறுவைக்கு இசைந்தோம். அதனை அகிம்சை என்று பெயரிட்டு நாத்தனாரிடம் வாதாடவில்லை. இம்சையை ஆரம்பி, உத்யமி, விரோதி, சங்கல்பி எனப் பிரித்துரைப்பர். எமக்கு இசைவான பெட்டியில் இதனைப் போட்டு மூடவும் விரும்பவில்லை. அறிந்து செய்யும் ஒரு சேதத்தை, அறியாமல் செய்துகொண்டே போகும் பல இறப்புகளுக்கு எதிரே வைத்துத் தேர்ந்தோம். பிரமாதத்தால் நேர்ந்ததைக் கண்விழித்துச் செய்த ஒன்றால் நிறுத்தினோம் என்று சொல்லலாம். அதற்கும் வினைக்கட்டு உண்டாயின் அது எம்முடையது, ராணியினுடையதன்று. இதைக் கேட்ட நாத்தனார், "கணக்குத் தெரிந்துதான் செய்கிறாய்" என்றார். பாராட்டா, கண்டனமா என்று இன்றுவரை யாம் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு தம் வீட்டுப் பெட்டைநாய்க்கு எந்த மருத்துவரிடம் செய்யலாம் என்று அவர் கடிதம் எழுதிக் கேட்டதை மட்டும் இங்கே குறிக்கிறோம்.

பால் முற்றும் வற்றிய பிறகு, 2016 மே மாதத்தில் ராணியை அழைத்துச் சென்றோம். பிற்பகல் வீடு திரும்பினாள். வயிற்றில் கட்டு, நடை தள்ளாடிற்று. மகள்குட்டி ஓடிவந்து கட்டை மோந்து பார்த்தது. பின், இரண்டு மாதமாக மறந்திருந்த பாலை நினைத்ததுபோல் அவள் வயிற்றில் வாய் வைக்க முயன்றது. ராணி உறுமவில்லை, விலகவுமில்லை. பேரன் குட்டியைத் தூக்கிக்கொண்டான். மயக்கம் தெளியும்வரை ஒன்றும் கொடுக்க வேண்டா என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பொழுது சாய்ந்து, எம் வீட்டுப் பாத்திரங்களெல்லாம் கழுவிக் கவிழ்த்தபின் அவள் எழுந்து வந்து சமையலறை வாயிலில் நின்றாள். விளக்கைப் போட்டு, தயிர்ச்சோறு கொஞ்சம் பிசைந்து வைத்தோம்.